அழித்து எழுதுகிறவர்

பிரேயர் மணி அடிக்க வெகுநேரம் இருக்கும்போதே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவார். ஒன்பதாம் வகுப்பு அறையைத் திறந்து, ஜன்னல் கதவுகளைத் தள்ளிவிட்டு, கரும்பலகையில் நாவல் எழுதுவார். கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எழுதுவதில் என்ன அதிசயம் என்று முதலில் நானும் நினைத்தேன். ஒருநாள் எட்டிப் பார்த்தால் பலகையில் எண்ணே இல்லை, ஒரு பத்தி இருந்தது. எழுதி முடித்ததும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்து அதைப் படிப்பார். பிறகு எழுந்து வந்து, டஸ்டரைக்கூடத் தேடாமல் உள்ளங்கையாலேயே அழித்துவிடுவார். அழித்த பிறகு எது மனதில் மிச்சம் நிற்கிறதோ அதை மட்டும் தாளில் எழுதிக்கொள்வார். முதல் பீரியடுக்குள் வலது கை முழங்கை வரை வெள்ளையாக இருக்கும்.

“எழுதினது மறந்துபோனா என்ன செய்வீங்க சார்?” என்று கேட்டேன்.

“எனக்கே மறந்துபோற வரியைப் படிக்கிறவங்க தலையில எதுக்கு டீச்சர் கட்டணும்?” என்றார்.

அவர் அழித்த வரிகளில் ஒன்று இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. ‘வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று யாரும் யாரிடமும் பேசவில்லை.’ அது எந்தப் புத்தகத்திலும் வரவில்லை. அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும். நான் எழுதி அச்சில் வந்த வரி ஒன்றாவது இப்படி யாருக்காவது நினைவிருக்குமா என்று யோசித்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

திருத்துறைப்பூண்டியில் இருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்தது அந்த உயர்நிலைப்பள்ளி. நான் தமிழாசிரியை. சொந்த ஊர் பக்கத்திலேயே, நிலபுலன் உள்ள குடும்பம். கல்லூரி நாளிலிருந்து எழுதுகிறேன். வாரப் பத்திரிகைகளில் கதைகள் வந்திருந்தன. எங்கள் பக்கத்து நில விவகாரத்தை வைத்து ஒரு பெரிய நாவல் எழுத வேண்டும் என்று வருஷக்கணக்காக அடைகாத்துக்கொண்டிருந்தேன். அவர் கடற்கரைக்காரர். அப்பா தோணியில் போகிறவர், அம்மா மீன்கூடை சுமந்தவர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். நாற்றுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் இந்தப் பக்கம் வேலைக்கு வந்து, வந்த மறுவருஷமே நெல்லையும் நிலத்தையும் வைத்து நாவல் எழுதி, அது புத்தகமாகவும் வந்துவிட்டது. எனக்குப் பொறாமை. நாகரிகமான பொறாமை இல்லை, சுத்தமான வயிற்றெரிச்சல்.

இத்தனைக்கும் அது தமிழாசிரியர்களின் காலம். ஆட்சி மாறி, மேடைத் தமிழுக்கு மவுசு ஏறியிருந்தது. கோயில் திருவிழாவானாலும் கூட்டுறவுச் சங்கக் கட்டடத் திறப்பானாலும் அடுக்குமொழியில் பேச ஒருவர் வேண்டும். தாலுகாவில் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் எழுத்தும் அப்படித்தான் இருந்தது. அவருக்கு ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்றே தெரியாது. எழுதிய தாள்களை என்னிடம்தான் தருவார். “பிழை பாத்துக் குடுங்க டீச்சர்” என்பார். சிவப்பு மையால் ஒற்றுப் போடப்போட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். பக்கத்தைத் திருப்பி நடுவில் ஒரு வரியைப் படித்ததும் அந்த நிம்மதி போய்விடும்.

முதல் நாவலில் ஒரு தவறு செய்திருந்தார். அதில் பொங்கலுக்கு முந்தின வாரம் குறுவை அறுக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும், குறுவை ஐப்பசி மழைக்குள் களத்துக்கு வந்துவிட வேண்டும், தையில் அறுப்பது சம்பா என்று. ஆசிரியர்கள் அறையில் எல்லோரும் இருக்கும்போது பார்த்து அதைச் சொன்னேன். முகம் கறுக்கும் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, “அப்படியா? வேற என்னென்ன தப்பு டீச்சர், சொல்லுங்க” என்றார். சொல்லி முடிப்பதற்குள் எனக்குத்தான் அலுத்துப்போயிற்று.

அதற்குப் பிறகு அவர் செய்ததை வேறு எந்த எழுத்தாளரும் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. சனிக்கிழமைகளில் பஸ் ஏறி ஊர் ஊராகக் கிளை நூலகங்களுக்குப் போனார். தன் நாவலை எடுத்து, மேஜையில் உட்கார்ந்து, பேனாவால் தப்பான இடங்களை அடித்துத் திருத்திவிட்டு, அலமாரியில் வைத்துவிட்டு வருவார். தப்பு மட்டுமில்லை, பிடிக்காத வரியையும் அடிப்பார். கும்பகோணத்தில் ஒரு நூலகர் கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டாராம். அவரே சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

“என்ன சார், படிச்ச மனுஷனா இருக்கீங்க, புஸ்தகத்துல கிறுக்குறீங்க?”

“நான்தாங்க எழுதினேன் இதை.”

“நீங்க எழுதுனா என்ன? வாங்கிட்டோம்ல. இது இப்ப சர்க்கார் சொத்து.”

அபராதம் கட்டிவிட்டு வந்தார். அடுத்த சனிக்கிழமை மன்னார்குடிக்குப் போனார்.

நான் எழுதியதில் ஒரு வரியை யாராவது தொட்டால் எனக்கு மேலே கைவைத்த மாதிரி இருக்கும். பத்திரிகைக்காரர்கள் ஒரு சொல்லை மாற்றியிருந்தால் ராத்திரி தூக்கம் வராது. அச்சில் வந்த என் கதைகளையெல்லாம் கத்தரித்து, பழுப்பேறாமல் இருக்க வேப்பிலை போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். அவரிடம் அவருடைய நாவலின் ஒரு பிரதிகூட இல்லை. யாராவது அதைப் புகழ்ந்தால், வேற்று ஊர்க்காரரை விசாரிக்கிற மாதிரி கேட்டுக்கொள்வார். “அது வேற ஆள் எழுதினது டீச்சர். அவனுக்கு அப்ப அவ்வளவுதான் தெரியும்” என்பார். அவர் சொன்ன அந்த வேறு ஆளின் அருகில்கூட நான் வரவில்லை என்பதை அவர் யோசித்ததே இல்லை.

அந்த நாவலுக்குத் தாலுகாவில் ஒரு பாராட்டு விழா நடந்தது. ஆளுங்கட்சிப் பிரமுகர் தலைமை. வாழ்த்துரை நான். ‘கடலோரம் கண்டெடுத்த கருத்து முத்து, கழனியைப் பாடவந்த கன்னித்தமிழ்ச் சொத்து’ என்று ஆரம்பித்தேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பொன்னாடை போர்த்தினார்கள். ஏற்புரை சொல்ல எழுந்தவர், பொன்னாடையை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, நாவலில் எங்கெல்லாம் சறுக்கியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.

“நாலாவது அத்தியாயத்துல அந்தப் பொண்ணு வரப்புல உக்காந்து அழுவுது பாருங்க, அது பொய்ங்க. எனக்கு அப்ப வேற என்ன செய்யறதுன்னு தெரியல. அதான் அழவிட்டுட்டேன்.”

எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று எல்லோரும் உருகினார்கள். அடக்கமாவது ஒன்றாவது. சாப்பிட்ட இலையை மடித்துப் போடுகிற அலட்சியம் அது. அடுத்த இலை நிச்சயம் வரும் என்று தெரிந்தவனுக்குத்தான் அந்த அலட்சியம் வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன், இப்படித் தூக்கித் தூக்கிப் போடுகிறீர்களே, மனசு கஷ்டமாக இல்லையா என்று. “எங்கப்பா வலையை இழுத்ததும் பொடிசையெல்லாம் திருப்பிக் கடல்லயே விட்டுடுவாரு டீச்சர். அதுக்கெல்லாம் வருத்தப்பட்டா கரைக்கு வர முடியாது” என்றார். எதைக் கேட்டாலும் அவரிடம் கடலில் ஒரு பதில் இருக்கும்.

கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னால் இன்னொரு சோதனையும் வைத்திருந்தார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து, எழுதப்போகிற கதையை நிஜமாக நடந்த சங்கதி மாதிரி சொல்லுவார். நடுவில் வேண்டுமென்றே நிறுத்திவிட்டு டீயை ஆற்றுவார். யாராவது “அப்புறம்?” என்று கேட்டால் அதை எழுதுவார். கேட்காவிட்டால் அங்கேயே விட்டுவிடுவார். நான் எதிர்ப்பக்கம் பூக்காரிகளுக்கு நடுவில் பஸ்ஸுக்கு நின்றபடி பார்த்துக்கொண்டிருப்பேன். நானும் கதை சொல்லி ஆழம் பார்க்கலாம்தான். ஆனால் ஒரு டீச்சரம்மா டீக்கடை பெஞ்சில் போய் உட்கார முடியுமா? வீட்டில் அண்ணனிடம் சொன்னால் அவர் செய்தித்தாளை இறக்கவே மாட்டார். அண்ணி, “அடுப்புல பால் இருக்கு” என்று எழுந்து போய்விடுவாள்.

அந்த வருஷம் ஊர்களில் நிலைமை சரியில்லை. அறுப்புக் கூலியில் அரை மரக்கால் கூட வேண்டும் என்று சேரிகளில் சிவப்புக்கொடி ஏறியிருந்தது. மிராசுதார்கள் தங்களுக்கும் ஒரு சங்கம், ஒரு கொடி என்று வைத்துக்கொண்டார்கள். பஸ்ஸில் இரண்டு பேர் உரக்கப் பேசினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தச் சமயம் பார்த்து இவர் டீக்கடையில், வாய்க்கால் முறைத்தண்ணி தகராறில் ஒருவனை வெட்டிப்போட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் போலீஸ் வேன் நின்றது. தலைமையாசிரியர் வேர்த்து விறுவிறுத்து அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“எந்த ஊர்ல சார் வெட்டு? விடியற வரைக்கும் நாலு ஊரைச் சுத்திட்டு வர்றோம்” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஊர்ல இல்லீங்க. மூணாவது அத்தியாயத்துல.”

இன்ஸ்பெக்டருக்கு அது புரிந்து, எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்கள் போக மத்தியானமாகிவிட்டது. அதோடு தொலைந்தார் என்று நான் உள்ளுக்குள் குதித்தேன். அவர் நேராக ஆசிரியர்கள் அறைக்கு வந்து, அந்த அத்தியாயத் தாள்களை எடுத்து நடுவில் கிழித்தார்.

“பயந்துட்டீங்களா சார்?”

“அதில்ல டீச்சர். போலீஸ் வரைக்கும் நம்பிட்டாங்க. ஆனா நேத்து டீக்கடையில ஒருத்தனும் அப்புறம்னு கேக்கல.”

அவர் என்னிடம் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. வாய்விட்டுச் சொல்ல வெட்கமான ஆசை. அதற்காகத்தான் என் கையில் இருந்ததிலேயே பெரிய சங்கதியை ஒருநாள் அவரிடம் சொன்னேன். என் நாவலுக்கு மையமாக நான் வைத்திருந்தது அது.

கூலிச் சண்டை முற்றியிருந்த அந்த அறுப்பில், உள்ளூர் ஆட்கள் வயலில் இறங்க மறுத்ததால் அண்ணன் மேற்கே இருந்து லாரியில் ஆட்களை இறக்கினார். அவர்களுக்குச் சமைக்க யாரும் கிடைக்கவில்லை. அண்ணியே கொல்லையில் கோட்டை அடுப்பு மூட்டிப் பெரிய பானையில் சோறு வைத்தாள். அத்தனை பெரிய பானையை அவள் வடித்ததில்லை. சோறு வெந்து நுரைத்துப் பொங்கிக்கொண்டிருக்கிறது, இவள் துணியைச் சுற்றிக்கொண்டு கிட்டே போவதும் பின்வாங்குவதுமாக இருக்கிறாள். அந்த நேரம், எங்கள் வயலில் பரம்பரையாக வேலை செய்த ஒரு பெண், மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகிவைத்திருந்த தன் அறுவாளை எடுத்துப்போக வந்தாள். அவள் வீட்டு வாசலில் சிவப்புக்கொடி பறந்துகொண்டிருந்தது. அவள் பிழைப்பைப் பறிக்க வந்தவர்களுக்கான சோறு அது. அவள் தொட்ட பாத்திரத்தில் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட்டதில்லை. நின்று பார்த்தாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். வந்து பானையைச் சாய்த்துக் கஞ்சியை வடித்து, நிமிர்த்தி வைத்தாள். “சோறு கொழஞ்சிடும்மா” என்றாள். அறுவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் நிறுத்தினேன். அவர் கையில் இருந்த சாக்பீஸை மேஜைமேல் வைத்தார்.

“அப்புறம்?”

எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. “அப்புறம் ஒண்ணுமில்ல சார். வந்த ஆளுங்க சாப்பிட்டாங்க, அறுப்பு நடந்துது” என்றேன். வேறு என்ன சொன்னேன் என்றுகூட நினைவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் பிழை பார்க்கக் கொடுத்த தாள்களுக்கு நடுவில் அது இருந்தது. சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் ஓர் ஒற்றுகூடப் போடவில்லை. அண்ணியில் அவர் ஆரம்பிக்கவில்லை. பானை மூடி ஆடுகிற சத்தத்தில் ஆரம்பித்திருந்தார். பானையைத் தூக்குமுன் அண்ணி வளையல்களைக் கழற்றிக் கிணற்றுக்கட்டைமேல் வைக்கிறாள். அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. அண்ணி நிஜமாகவே கழற்றினாளா, இல்லை அவர் எழுதி நான் படித்ததா என்று இன்று என்னைக் கேட்டால் எனக்கே தெரியாது. என் நாவலுக்கென்று நான் பொத்திவைத்திருந்ததை இந்த மனிதர் ஒரு பலகையில் எழுதி, அழித்து, முடித்துவிட்டார். கடைசித் தாளைப் புரட்டினால் அந்த அத்தியாயம் முழுவதையும் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்திருந்தார்.

“இதை ஏன் அடிச்சீங்க?” என்றேன். என்னைக் கேட்காமல் ஏன் எழுதினாய் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். வாயில் வந்தது இதுதான்.

“நாவல் அந்த எடத்துல நின்னுபோயிடுது டீச்சர். படிக்கிறவன் அந்தப் பானையைத் தாண்டி வரமாட்டான். மிச்சத்தை யாரு படிக்கிறது?”

“இதைவிட நல்லா நீங்க எதுவும் எழுதினதில்ல.”

“அதனால என்ன? அது உங்களுது. நீங்க எழுதுங்க. நான் சும்மா கை பழகிப் பாத்தேன்.”

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அடித்த தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய், பின்பக்கத்தில் அரையாண்டுத் தேர்வு மார்க்கைக் கூட்டிப் போட்டார். அந்த ஒரு அத்தியாயத்தை நான் எழுதியிருந்தால் வாழ்நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். அவருக்கு அது மார்க் கூட்டுகிற தாள். அவர் எழுதியதைவிட, அடித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு என் நாவல் நகரவில்லை. எப்படி ஆரம்பித்தாலும் பானை மூடி ஆடுகிற சத்தம் கேட்டது. கோடை விடுமுறையில் பிடிவாதமாக உட்கார்ந்து, அந்த ஒரு சம்பவத்தை மட்டும் சிறுகதையாக எழுதி ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். வந்துவிட்டது. வாசகர் கடிதங்கள் வந்தன. தலைமையாசிரியர் பிரேயரில் அதன் கடைசிப் பத்தியை உரக்கப் படித்தார். ‘கஞ்சியோடு வடிந்தது காலங்காலமாய்க் கட்டிவைத்த கர்வம், மிஞ்சியதோ மானுடம் எனும் மல்லிகைச் சோறு’ என்று முடிகிற பத்தி. ஊரே என்னைப் புகழ்ந்தது. எனக்கு ஊர் வேண்டியிருக்கவில்லை. அவர் முகம் ஒரு நொடியாவது சுருங்க வேண்டும். எனக்கு இத்தனை வருஷமாக எரிந்ததில் ஒரு பங்காவது அவருக்கு எரிய வேண்டும். அது மட்டும் போதும் என்றிருந்தது.

ஆசிரியர்கள் அறையில் ஜன்னலோரம் நின்றபடியே படித்தார். நான் நோட்டுத் திருத்துகிற பாவனையில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்துப் பத்திரிகையை மூடினார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது, சொந்தத் தங்கைக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் அமைந்த மாதிரி.

“டீச்சர், நான் எழுதினதைவிட இது நல்லாருக்கு. எனக்கு அந்தம்மா நின்னு பாக்குற எடம் இப்படி வரல.”

துருவித் துருவிப் பார்த்தேன். பொறாமை இல்லை. கடுகளவுகூட இல்லை.

“கடைசிப் பத்தி மட்டும் வேணாம்” என்றார் பிறகு. “சோறு கொழஞ்சிடும்மான்னு சொல்லிட்டுப் போவுது பாருங்க, அங்கயே முடிஞ்சிடுச்சு. புஸ்தகமா போடும்போது அதை அடிச்சுடுங்க.”

அவர் பிறகு பட்டுக்கோட்டைக்கு மாற்றலாகிப் போனார். இரண்டாவது நாவல் வந்தது. மூன்றாவதை எழுதி முடித்து, முழுவதையும் அடித்துவிட்டாராம். அதற்கப்புறம் எழுதவே இல்லை. பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது ஏன் சார் என்று கேட்டேன். “சொல்லவேண்டியது தீந்துபோச்சு டீச்சர்” என்று சொல்லிவிட்டு, தென்னை போட்டிருப்பதாகவும் இந்த வருஷம் காய்ப்பு நன்றாக இருப்பதாகவும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். எழுத்து இல்லாமல் அந்த மனிதரால் சிரித்துக்கொண்டு பந்தியில் உட்கார முடிந்தது. வீட்டுக்கு வந்து அன்று நான் சாப்பிடவில்லை.

இப்போது தஞ்சைப் பக்கத்து எழுத்து என்றால் என் பெயரையும் சொல்கிறார்கள். அந்தக் கதை தொகுப்புகளில் வந்தது, பாடமாகவும் வைத்தார்கள். போன மாதம் என் கதைகளை மொத்தமாகப் பதிப்பிக்கிற இளைஞன் வீட்டுக்கு வந்திருந்தான். நல்ல பையன், படித்தவன். தயங்கித் தயங்கி, “அம்மா, இந்தக் கதையில கடைசிப் பத்தியை எடுத்துட்டா இன்னும் நல்லாருக்கும்னு தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்றான்.

அவன் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேலாகத் தெரியும். ஆனால் அந்தக் கதையை இன்று எடுத்துப் படித்தால், எந்த வரி நான் கொல்லையில் நின்று பார்த்தது, எந்த வரி அவர் எழுதி நான் படித்தது என்று என்னால் பிரிக்க முடிவதில்லை. என் கதையிலும் வளையல் கிணற்றுக்கட்டைமேல்தான் இருக்கிறது. அந்தப் பெண் நின்று பார்க்கிற இடத்தைக்கூட நானேதான் எழுதினேனா என்று சில சமயம் சந்தேகம் வருகிறது. அந்தக் கடைசிப் பத்தி ஒன்றைத்தான் அவர் எந்த ஜென்மத்திலும் எழுதியிருக்கமாட்டார்.

“அது இருக்கட்டும்ப்பா” என்றேன்.